செவ்வாயில் கிடந்த இரும்பு

செவ்வாயின் செந்நிறம் இரும்புத் துருவால் வந்தது என்பதை அறிவீர்கள். அங்கே துருவாகாத இரும்பு கட்டியாகக் கிடந்தால்?

2005 ஜனவரியில் ஆப்பர்சூனிட்டி ஊர்தி, முந்தைய ஆண்டில் தரையிறங்கும்போது தான் கழற்றிவிட்ட வெப்பக் கவசத்தைப் பார்வையிடச் சென்றது. அருகே கூடைப்பந்தின் அளவில், குழிவிழுந்த கல் ஒன்று தனித்துக் கிடந்தது.

தொலைவிலிருந்தே அகச்சிவப்புக் கதிர்களை ஆயும் கருவியை அதன்பால் திருப்பினார்கள். கிடைத்ததோ வானத்தின் நிறமாலை! பாறை தன் வெப்பத்தைக் கதிராக வெளிவிடும். உலோகமோ, துலக்கிய எவர்சில்வர்த் தட்டில் முகம் தெரிவதுபோல, வானத்தின் கதிர்களையே பெரிதும் திருப்பியனுப்பும்.

ஐயம் தீர வேண்டாமா? ஊர்தி கிட்டச் சென்று மாஸ்பௌவர் கருவியைக் கல்லின்மீது வைத்தது. கோபால்ட் 57 தரும் காமாக் கதிர்களை இரும்பின் அணுக்கருக்கள் உட்கவரும் விதமே, அது துருவா உலோகமா என்று காட்டிவிடும். (மாஸ்பௌவர் இவ்விளைவைக் கண்டது 1958இல். அது செவ்வாய்வரை போகுமென்று அன்று யார் நினைத்திருப்பார்!) உலோகமே என்பது உறுதியாயிற்று. எக்ஸ் கதிர்க் கருவியோ சுமார் 7 விழுக்காடு நிக்கலைக் காட்டியது. பூமியில் விழும் இரும்பு விண்கற்களின் கலவையும் இத்தகையதே. வேற்றுக் கோளில் இனங்காணப்பட்ட முதல் விண்கல் இது.

அதை அரைத்துப் பார்க்கவில்லை. அரைக்கும் கருவி தேய்ந்துவிடுமே! தூரிகையால் துடைத்ததோடு சரி. 2009இல் இதைவிடப் பெரிய இரும்புக் கல்லொன்றும் அதே ஊர்தியின் கண்ணில் பட்டது.