படமும் எழுத்தும்

புதுச்சேரியில் 1827-இல் நிறுவப்பெற்ற பொது நூலகம் முதலில் ஐரோப்பியர்க்கே உரியதாயிருந்தது. 1837-இல்தான் ஏனையோர்க்கும் திறந்தது. 1966 முதல் அது ரோமன் ரோலண்ட் நூலகம் எனப் பெயர் தாங்குகிறது.

கதவு திறந்தால் மட்டும் போதுமா? எழுத்தறியாப் பெற்றோரின் குழந்தை எடுத்துப் படிக்க ஏற்ற நூலும் வேண்டும். 1658-இலேயே கொமேனியஸ் உலகப் பொருள்களைப் படமும் பெயருமாக நூலில் அமைத்துக் கற்பித்தார். தமிழில் பெரியசாமித் தூரன் பதிப்பித்த குழந்தைகள் கலைக்களஞ்சியம் 1968 தொடங்கிப் பத்துத் தொகுதிகளாய் வெளிவந்தது. எனினும், எழுத்துக் கூட்டத் தொடங்கும் பிள்ளைக்குச் சில பக்கங்களே கொண்ட படநூலே முதற்படி.

கதை நூலைப் படித்துக் காட்ட எழுத்தறிந்தவர் வேண்டும். மீன்கொத்தியின் படத்தையோ கல்லாத தாயும் அறிவாள். அவள் பெயர் சொல்ல, பிள்ளை கீழுள்ள எழுத்தைக் கூட்டும். அவ்விடத்தே தாயும் ஆசிரியை ஆகிறாள். நம் குடியிருப்புதோறும் இத்தகைய நூல்களைச் சேர்ப்பதே இவ்வெள்ளிவிழாவில் நாம் ஏற்கும் கடமை.