கெடு

கெடு, பெயர்ச்சொல். ஒன்றைச் செய்து முடிக்கக் குறித்த கால எல்லை. கடன் கொடுத்தவர் கெடு வைப்பார். அரசு கெடு விதிக்கும். கேட்டால் சிலசமயம் நீட்டியும் தரும். தெலுங்கிலும் கன்னடத்திலும் ‘கடுவு’ இதே பொருளில் வழங்குகிறது. ஆங்கிலத்தின் ‘டெட்லைன்’ வேறு பிறப்பு: அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864இல், ஆண்டர்சன்வில் சிறைமுகாமில் கைதிகள் தாண்டினால் சுடப்படும் எல்லைக்கோடு அது.

நிகழ்நேரக் கணினியியலில் கெடு மிகக் கறாரானது. விமானத்தின் கட்டுப்பாட்டுக் கணினி சரியான விடையையே கெடு தாண்டித் தந்தாலும் அது பிழைதான். உயிர்காக்கும் பணியும் சாதாரணப் பணியும் ஒரே செயலியில் ஓடினால் எதற்கு முதலிடம்? ஸ்டீவ் வெஸ்டல் 2007இல் இதை ஆய்வுக் கேள்வியாக வகுத்தார். பின்னர் வந்த விடைகளில் அழகானது ‘மெய்நிகர் கெடு’. முக்கியப் பணியின் கெடு 20 மில்லிநொடி என்றால், 12 என்றே அட்டவணையில் எழுதி வைப்பார்கள். பணி எதிர்பாராமல் நீண்டால் மீதி 8 கைகொடுக்கும்.

மின்சிக்கனமும் கெடுவைச் சார்ந்ததே. கெடுவுக்குமுன் நேரம் மிஞ்சினால் செயலியின் வேகத்தையும் மின்னழுத்தத்தையும் தாழ்த்தலாம். செலவாகும் திறன் அழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே சேமிப்பு கணிசம். முக்கியப் பணி நீளும்போது மட்டும் வேகத்தைக் கூட்டினால், சாதாரணப் பணிகளைக் கைவிடாமலே எல்லாக் கெடுக்களையும் காப்பாற்ற வழியுண்டு.