நர்ஸம்மாவை அனுப்புவது யார்?

நம் கூட்டமைப்பு சார்பில் ஹோம் நர்ஸ் ஏஜென்சி ஒன்று தொடங்கலாம் என்ற பேச்சு கூட்டத்துக்குக் கூட்டம் வந்துகொண்டே இருக்கிறது. பாதிப் பேருக்கு ஆசை, பாதிப் பேருக்குப் பயம். மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று சொன்னபோது, நோயாளி வீட்டுக்கு ஆள் அனுப்பும் இந்த வேலைக்கு என்ன வரலாறு இருக்கிறது என்பதையே எழுதலாம் என்று தோன்றியது. தீர்மான நோட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் சகோதரிகள் இதையும் படித்துவிடுங்கள்.

கதை நம்ம திண்டிவனத்தில் தொடங்குகிறது. 1890-களில் அங்கே ஜான் ஸ்கடர் என்ற அமெரிக்க மிஷன் டாக்டர் இருந்தார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று அவர் மகள் ஐடா அமெரிக்காவிலிருந்து வந்திருந்தார். ஓர் இரவு, ஒருவர் பின் ஒருவராக மூன்று ஆண்கள் வந்து, பிரசவ வலியில் துடிக்கும் மனைவியைப் பார்க்க அந்த இளம்பெண்ணை அழைத்தார்கள். "எனக்கு வைத்தியம் தெரியாது, அப்பா வருவார்" என்றார் ஐடா. ஆம்பளை டாக்டர் வேண்டாம் என்று மூவரும் திரும்பிப் போய்விட்டார்கள். அந்த மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

ஐடா படித்து, டாக்டராகி, 1900-இல் திரும்பி வந்தார். வேலூரில் 1909-இல் நர்ஸ் பயிற்சி, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி, 1946-இல் செவிலியர் பட்டப்படிப்பு என்று வரிசையாகத் தொடங்கினார். வேலூர் சி.எம்.சி. எல்லோருக்கும் தெரியும். அதற்கு வித்து விழுந்தது நாம பஸ் மாறுகிற ஊரில் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. இதில் நான் கவனிப்பது வேறு ஒன்று. அந்த ராத்திரி திண்டிவனத்தில் டாக்டர் இருந்தார். வீட்டுக்குள்ளே வரக்கூடிய ஆள்தான் இல்லை. பற்றாக்குறை என்பதை எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பார்த்தால் இது பிடிபடாது.

சுதந்திரத்துக்கு ஒரு வருஷம் முன்னால், 1946-இல், போர் குழு அறிக்கை வந்தது. ஆரம்ப சுகாதார நிலையம் என்ற யோசனை அதிலிருந்து வந்ததுதான். பிறகு துணை சுகாதார நிலையங்கள், சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு கிராம சுகாதார செவிலியர் என்று கணக்கு வைத்தார்கள். நாம் நர்ஸம்மா என்று கூப்பிடுகிறோமே, அவர்தான். தடுப்பூசி, கர்ப்பிணி பதிவு, குடும்பக் கட்டுப்பாடு, அதற்கு மேல் ரெஜிஸ்டர் எழுதுவது எல்லாம் அவர் தலையில். நம்ம பக்கத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. உப்பு வார்ற சனம் இருட்டோடு உப்பளத்துக்குப் போய்விடும். நர்ஸம்மா பத்து மணிக்கு வந்தால் வீடு பூட்டியிருக்கும். திண்ணையில் ஒரு கிழவி மட்டும் இருப்பாள். அவள் கால் புண்ணைப் பற்றி நர்ஸம்மாவின் ரெஜிஸ்டரில் அப்போது ஒரு கட்டமும் கிடையாது.

2005-இல் தேசிய ஊரக சுகாதார இயக்கம் வந்தது. பி.எச்.சி.யில் மூன்று ஸ்டாஃப் நர்ஸ், மாறி மாறி ஷிப்ட், இருபத்து நான்கு மணி நேரமும் பிரசவம் என்ற ஏற்பாடு தமிழ்நாட்டில் பரவியது. இதை நான் பெரிய மாற்றமாகவே நினைக்கிறேன். வீட்டில் பிரசவம் பார்ப்பது நம் ஊர்களில் அநேகமாக நின்றே போனது இதற்குப் பிறகுதான்.

ஆனால் அந்த நர்ஸ் பெண்களை எப்படி எடுத்தார்கள்? பெரும்பாலும் ஒப்பந்தத்தில், தொகுப்பூதியத்தில். 2012-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் அமைந்தது. 2015-இல் அது தேர்வு வைத்து எடுத்த செவிலியர்கள் ஏழாயிரத்துக்கும் மேல். மாதச் சம்பளம் 7,700 ரூபாய். 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடியது ஞாபகம் இருக்கும். கொரோனா காலத்தில் எடுத்தவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு 2022 டிசம்பர் 31-ஓடு வேலை போனது. ஆபத்துக்கு ஆள் வேண்டும், ஆபத்து தீர்ந்தால் ஆள் வேண்டாம் என்பது அரசாங்கம் செய்தாலும் சரியில்லை. நாம் ஏஜென்சி வைத்தாலும் இந்தக் கேள்வி நம் முன்னால் வரும்.

ஆள் அனுப்பிக் காசு பார்ப்பது தமிழர்களுக்குப் புது விஷயம் இல்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் கொண்டுபோன கங்காணிக்கு, வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு தலைக்கும் காசு உண்டு. தொழிலாளி பேரில் முன்பணக் கடன் இருக்கும். தோட்டம் மாறிப் போக வேண்டுமென்றால், கடன் தொகை எழுதிய துண்டுச் சீட்டு வேண்டும், புதுத் தோட்டம் அதைக் கட்ட வேண்டும். ஆளை விட்டுவிட்டுக் கடனை வாங்கி விற்கிற மாதிரிதான். அந்தத் துண்டு முறை 1921-இல் ஒழிந்தது. இன்றைக்குச் சில ஏஜென்சிகள் நம் பெண்களின் ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கிப் பீரோவில் பூட்டி வைப்பதைக் கேள்விப்படும்போது எனக்கு அந்தத் துண்டுதான் ஞாபகம் வரும்.

வெளிநாட்டு வேலைக்கு அரசே ஆள் அனுப்ப, தமிழ்நாடு 1978-இல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தை ஏற்படுத்தியது. குவைத் வேலைக்கு நர்ஸ்களிடம் லட்சக்கணக்கில் பிடுங்கிய விவகாரம் வெடித்த பிறகு, 2015-இல் மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்தது. குவைத், சவுதி உள்ளிட்ட 18 நாடுகளுக்கு அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் நர்ஸ்களை அனுப்ப வேண்டும் என்றது அது. சொந்தக்காரர் சொன்னார், தெரிந்த ஏஜென்ட் என்று பணம் கட்டுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மகளிர் குழுக்களே செய்த முன்மாதிரி பக்கத்து மாநிலத்தில் இருக்கிறது. கேரளத்தின் குடும்பஸ்ரீ 2018-இல் 'ஹர்ஷம்' என்று முதியோர் பராமரிப்புத் திட்டம் தொடங்கியது. குழுப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, வேண்டிய வீடுகளுக்கு அனுப்பினார்கள். நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. வீட்டுக்கு வந்து பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை தருகிற தன்னார்வலர்கள் நம் குழுக்களிலிருந்து எடுக்கப்பட்டவர்கள்தான். 2024-இல் அதற்கு ஐ.நா. விருதும் கிடைத்தது. திண்ணைக் கிழவிக்கு இப்போது ஒரு கட்டம் கிடைத்திருக்கிறது. ஆனால் தன்னார்வலர் என்ற பெயரில் தருவது சம்பளம் இல்லை, ஊக்கத்தொகை.

இனி நம்ம விஷயம். முதலில் பெயர். நர்ஸ் என்பது மூன்று நான்கு வருஷம் படித்து, செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்தவருக்கு உரிய பெயர். பதிவுச் சட்டம் 1926-லிருந்தே இருக்கிறது. சில மாதப் பயிற்சி பெற்றவர் பராமரிப்பாளர். அவர் குளிப்பாட்டலாம், புரட்டிப் படுக்க வைக்கலாம், கஞ்சி ஊட்டலாம். ஊசி போடக்கூடாது. வீட்டுக்காரர் "நீயே போட்டுடும்மா" என்று கெஞ்சினாலும் கூடாது. இதை விண்ணப்பத்திலேயே அச்சடித்துவிட வேண்டும் என்பது என் கருத்து.

இரண்டாவது, கமிஷன். சம்பளத்தில் மாதாமாதம் வெட்டுவதை நான் ஏற்கமாட்டேன். வீட்டுக்காரரிடம் ஒரே ஒரு முறை சேவைக் கட்டணம் வாங்கலாம், அதற்கு ரசீதும் தரலாம். சர்டிபிகேட் நகல் மட்டும் போதும், ஒரிஜினல் அவரவர் டிரங்குப் பெட்டியில் இருக்கட்டும்.

மூன்றாவதுதான் கஷ்டமானது. காசு கொடுக்கக்கூடிய வீடுகள் பாண்டிச்சேரியிலும் சென்னையிலும் இருக்கின்றன. படுத்த படுக்கையானவர்கள் நம் குப்பங்களிலும் உப்பளக் காலனிகளிலும் இருக்கிறார்கள். ஏஜென்சி ஆரம்பித்தால் நம் பெண்கள் எல்லோரும் பஸ் ஏறிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பத்துப் பேரை வெளியே அனுப்பினால், அந்தக் கட்டணத்திலிருந்து இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுத்து இங்கேயே வைத்திருக்க முடியுமா? மழை பிடித்து உப்பளம் மூடும் மாதங்களில் அந்த இரண்டை நான்காக்க முடியுமா? பொருளாளர் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். அடுத்த செயற்குழுவில் வைப்பதாகச் சொன்னார். அதற்குள் ஒவ்வொரு குழுவும் தன் தெருவில் எழுந்து நடமாட முடியாமல் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணி, எண்ணிக்கையை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்தால் உதவியாக இருக்கும்.