குத்தகைக்கு விடப்பட்ட கைதிகள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அடிமை முறையை ஒழித்தது அந்நாட்டு அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தம் என்பதை நேயர்கள் பலரும் அறிந்திருப்பர். 1865ஆம் ஆண்டிலே நிறைவேறிய அத்திருத்தத்தினுள் ஒரு விலக்கும் இருந்தது. குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டோர்மீது, தண்டனையாக, கட்டாய ஊழியத்தைச் சுமத்தலாம் என்பதே அது. அந்தச் சிறு வாயில் வழியாக, ஒழிந்த முறை வேறு கோலத்திற் புகுந்தது.

உள்நாட்டுப் போரிலே தோற்ற தென் மாநிலங்களின் திறைசேரிகள் வறண்டு கிடந்தன. சிறை கட்டவும் கைதிகளுக்கு உணவளிக்கவும் பணமில்லை. ஆகவே, அம்மாநிலங்கள் கைதிகளைச் சுரங்கக்காரருக்கும், புகையிரதப் பாதை அமைப்போருக்கும், தோட்டக்காரருக்கும் குத்தகைக்கு விட்டன. செலவாயிருந்த கைதி வரவாக மாறினான். 1898ஆம் ஆண்டளவில் அலபாமா மாநில வருமானத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு 73 பங்கு இவ்வாறு கிடைத்ததென்பர்.

வரவு என்று வந்துவிட்டால் அது குறையாமற் பார்ப்பது அரசாங்கங்களின் இயல்பன்றோ! வேலையின்றித் திரிதல் குற்றமென முன்னரே சட்டங்கள் இயற்றப்பட்டிருந்தன. விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் மீதே அவை பெரும்பாலும் பாய்ந்தன. பிடிபட்டவன் குற்றப்பணத்தோடு வழக்குச் செலவையும் கட்டவேண்டும். இயலாதவன் அத்தொகை தீருமட்டும் உழைக்கவேண்டும். கைது செய்த ஷெரிப் எனும் உத்தியோகத்தருக்குரிய கட்டணமும் அச்செலவிலேயே அடங்கும். முப்பது நாட் தண்டனை பல மாதங்களாக நீண்டது இப்படித்தான்.

அடிமையை விலைக்கு வாங்கியவன், இரக்கத்தால் அன்றெனினும் போட்ட முதலை எண்ணியேனும், அவன் உயிரைப் பேணினான். குத்தகைக்காரனுக்கு அக்கவலையுமில்லை, ஒருவன் இறந்தால் அரசாங்கம் மற்றொருவனை அனுப்பும். 1911 ஏப்ரில் 8ஆம் நாள் அலபாமாவின் பானர் நிலக்கரிச் சுரங்கம் வெடித்தபோது 128 பேர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் கைதிகள். அற்பக் குற்றங்களுக்காகச் சில நாட்களே தண்டனை பெற்றவர்களும் அவர்களுள் இருந்தனர். அதன் பின்னும் குத்தகை நின்றபாடில்லை.

1922ஆம் ஆண்டு புளோரிடாவின் மரம் வெட்டும் முகாமொன்றிலே, பயணச்சீட்டின்றி ரயிலேறிய வெள்ளை இளைஞன் ஒருவன் சவுக்கடிபட்டு இறந்தான். பத்திரிகைகள் கொதித்தெழுந்தன; மறு ஆண்டே அம்மாநிலம் குத்தகையைத் தடைசெய்தது. அதற்கு முன் மாண்ட கறுப்பினத்தவர்களுக்காக இத்தனை விரைவு காட்டப்படவில்லை.

அலபாமாவோ 1928 வரை தாமதித்தது. 2022ஆம் ஆண்டிலேதான் அதன் வாக்காளர் தம் மாநில அரசியலமைப்பிலிருந்த அத்தகைய விலக்கை நீக்கினர். பதின்மூன்றாவது திருத்தத்தில் அது இன்றும் உள்ளது.