பந்தயத்தில் பிழைத்தார்கள், சாலையில் இறந்தார்கள்

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். என்னிடம் வரும் பையன்களில் ஃபார்முலா 1 ரசிகர்கள் அதிகம். “அவங்க 300-ல போறாங்க சார், நாம 60-ல போறதுக்கு பெல்ட் எதுக்கு?” என்று கேட்பார்கள். அவர்களுக்கு இரண்டு சாம்பியன்களைப் பற்றிச் சொல்வேன்.

1950-இல் ஃபார்முலா 1-இன் முதல் உலக சாம்பியனான இத்தாலியர் ஜுசெப்பே ஃபரீனா, பந்தயத்தில் பலமுறை அடிபட்டுப் பிழைத்தவர். 1966 ஜூனில் பிரெஞ்சு கிராண்ட் ப்ரீயைப் பார்க்கக் காரில் போனபோது ஆல்ப்ஸ் மலைச்சாலையில் வண்டி சறுக்கி இறந்தார். 1958-இன் சாம்பியன் மைக் ஹாத்தார்ன், நண்பர் பீட்டர் காலின்ஸைப் பந்தயத்தில் பறிகொடுத்த அந்த ஆண்டே ஓய்வு பெற்றார். சில மாதங்களில், 1959 ஜனவரி 22 அன்று, இங்கிலாந்தின் கில்ஃபோர்டு அருகே ஈரச் சாலையில் அவருடைய ஜாகுவார் மரத்தில் மோதியது. வயது 29.

அன்றைய பந்தயமும் கொலைக்களம்தான். பெல்ஜியத்தின் ஸ்பா தடம் 14 கிலோமீட்டர் நீளமுள்ள பொதுச்சாலை. ஓரத்தில் வீடுகளும் தந்திக் கம்பங்களும் நின்றன. 1966-இல் முதல் சுற்றிலேயே மழை பிடித்துக்கொள்ள, ஃபார்முலா 1 ஓட்டுநர் ஜாக்கி ஸ்டூவர்ட்டின் கார் தடத்தை விட்டுப் பாய்ந்து நொறுங்கியது. உடம்பெல்லாம் பெட்ரோலில் நனைய, ஸ்டியரிங்குக்கு அடியில் கால் சிக்கி, சுமார் 25 நிமிடம் கிடந்தார். பார்வையாளர் ஒருவரிடம் ஸ்பேனர் இரவல் வாங்கி அவரை மீட்டவர்கள் சக ஓட்டுநர்கள். அதன்பின் ஸ்டூவர்ட் தன் காரிலேயே ஒரு ஸ்பேனரை ஒட்டி வைத்துக்கொண்டார். தடுப்பு வேலியும் மருத்துவரும் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கோழை என்று ஏசியவர்கள் உண்டு, அவர் விடவில்லை. 1969-இல் பாதுகாப்பில்லாமல் ஓட ஓட்டுநர்கள் மறுத்ததால் ஸ்பா பந்தயமே ரத்தானது.

1994-இல் இத்தாலியின் இமோலா தடத்தில் அடுத்தடுத்த நாள்களில் ஓட்டுநர்கள் ராட்சன்பெர்கரும் செனாவும் இறந்தபின் தடங்களும் கார்களும் திருத்தப்பட்டன. 2003-இல் கழுத்தைக் காக்கும் கவசமும், 2018-இல் தலைக்கு மேல் ‘ஹாலோ’ வளையமும் கட்டாயமாயின. 2020-இல் பஹ்ரைன் பந்தயத்தில் ஓட்டுநர் ரோமன் குரோஷானின் கார் வேலியைப் பிளந்து, இரண்டாகி, தீப்பிடித்தது. 28 நொடியில் தானே வெளியே வந்தார், கைகளில்தான் தீக்காயம்.

சாலைக்கும் வழி கிடைத்தது. ஹாத்தார்ன் இறந்த அதே 1959-இல் வால்வோ பொறியாளர் நில்ஸ் போலின் வடிவமைத்த மூன்றுமுனை பெல்ட் காரில் வந்தது. காப்புரிமையை வால்வோ எல்லா நிறுவனங்களுக்கும் திறந்துவிட்டது. அந்த பெல்ட் இன்று நம் கார்களில் இருக்கிறது. கூடவே, பெல்ட் போடாவிட்டால் எழும் பீப் ஒலி கேட்காமலிருக்க பக்கிளில் செருகும் வெறும் உலோக நாக்கும் கடையில் கிடைக்கிறது. உயிரைக் காக்க வந்த பெல்ட் முதுகுக்குப் பின்னால் சுருண்டு கிடக்கிறது. 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1.68 லட்சம் பேர்.

பந்தயத் தடத்தில் எல்லா வண்டியும் ஒரே திசையில் ஓடுகிறது. வளைவுக்கு வளைவு மஞ்சள் கொடியோடு ஆள் நிற்கிறார்; மருத்துவர் காரில் தயாராக இருக்கிறார். நம் நெடுஞ்சாலையில் எதிர்த்திசையில் பைக் வரும், பின்விளக்கில்லாத டிராக்டர் நிற்கும். பெல்ட் அதிகம் தேவைப்படுவது இங்கேதான். சாவு விழுந்தால் ‘ஏன்?’ என்று கேட்டார்கள், ஸ்பாவில் ஓடவே மறுத்தார்கள் பந்தயக்காரர்கள். ஒரே வளைவில் ஆண்டுதோறும் உயிர் போனாலும் நாம் ‘விதி’ என்று சொல்லிக் கடந்துபோகிறோம். அவர்களிடமிருந்து நம் பையன்கள் கற்க வேண்டியது வேகத்தை அல்ல, அந்தப் பிடிவாதத்தை.