அரசனின் நட்பும் ஆயரின் அகராதியும்

சமயத் தலைவருக்கும் அரசனுக்கும் இடையே அமையும் உறவு, வரலாறு நெடுகிலும் ஆராயத்தக்கது. காண்டர்பரிப் பேராயர் தாமஸ் பெக்கெட், இங்கிலாந்து மன்னன் இரண்டாம் ஹென்றியின் உற்ற நண்பராயிருந்தவர். 1162-இல் பேராயரானபின் திருச்சபையின் உரிமைக்காக அம்மன்னனையே எதிர்த்தார். 1170 டிசம்பர் 29 அன்று தம் பேராலயத்திலேயே வெட்டுண்டு மாண்டார். நட்பு பகையாய் முடிந்த வரலாறு அது. அரசனொருவனோடு இறுதிவரை நட்பில் நின்ற ஆயர் ஒருவரின் வரலாறோ நோணாங்குப்பத்திற்கு அண்மையிலேயே கிளைத்தது.

அரிக்கமேடு என்றதும் உரோமானிய மட்கலங்களும் 1945-ஆம் ஆண்டில் வீலர் நிகழ்த்திய அகழாய்வுமே பலர் நினைவுக்கு வரும். ஆயின் அங்குள்ள செங்கற் சிதைவு பதினெட்டாம் நூற்றாண்டுக் குருமடத்தினது. பிரெஞ்சு மறைப்பணியாளர் பியேர் பிஞ்ஞோ தெ பெஹேன் (1741–1799) அதன் தலைவராயிருந்தார். இன்றைய வியட்நாமின் தென்பகுதியான கொச்சின்சீனாவை ஒட்டிய ஹோன்தாத்தில் இயங்கிய அம்மடம் 1769-இல் தாக்குதலுக்குள்ளானது. அங்கிருந்து தப்பியவர்கள் 1770-இல் வீராம்பட்டினத்தில் அடைக்கலம் புகுந்தனர். 1761-இல் ஆங்கிலேயரால் தகர்க்கப்பட்ட புதுச்சேரி அப்போதுதான் மீண்டெழுந்துகொண்டிருந்தது.

இங்கு வாழ்ந்த நாள்களில், அந்நாட்டவர் சிலரின் துணையோடு வியட்நாமிய-இலத்தீன் அகராதி ஒன்றை அவர் தொகுத்தார். 1773-இல் அதன் கையெழுத்துப்படி உருப்பெற்றது. மறு ஆண்டு சாந்தோமில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பெற்று, கீழ்த்திசைக்குத் திரும்பினார்.

அங்கே, நாடிழந்து அலைந்த இளவரசர் நுயென் ஆனின் நட்பு வாய்த்தது. அவரை அரியணை ஏற்றினால் தம் சமயம் அந்நாட்டில் தழைக்கும் என்று ஆயர் நம்பினார். 1785-இல் அவருடைய சிறு மகனை அழைத்துக்கொண்டு புதுச்சேரி வந்தார். இங்கு உதவி கிட்டாமையால் பிரான்சுக்கே சென்றார். 1787 நவம்பர் 28 அன்று வெர்சாய் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 4 போர்க்கப்பல்களும் 1,650 படைவீரரும் தருவதாக அது உறுதி கூறியது. எனினும் புதுச்சேரி ஆளுநர் கான்வே படை அனுப்ப மறுத்தார். மனந்தளராத ஆயர் தாமே பொருள் திரட்டி, கப்பலும் ஆள்களும் சேர்த்து 1789-இல் புறப்பட்டார். 1799-இல் போர்க்களத்தருகே நோயுற்று இறந்தார்.

நண்பர் 1802-இல் கியா லாங் என்னும் பேரரசரானார். ஆயர் வளர்த்த இளவரசனோ அதற்கு முந்திய ஆண்டே மறைந்தான். அடுத்து அரசாண்ட மின் மாங் கிறித்தவத்தைத் தடைசெய்தார். எந்த நம்பிக்கையால் வாளுக்குத் துணை நின்றாரோ, அந்த நம்பிக்கை ஒரு தலைமுறைக்குள் பொய்த்தது. சைகோனில் எழுப்பப்பெற்ற அவருடைய கல்லறையும் 1983-இல் இடிக்கப்பட்டது.

அழியாது நின்றது அகராதியே. மின் மாங்கின் அடக்குமுறையால் வங்கத்திற்கு வந்த ஆயர் தபேர், அதனை விரித்து 1838-இல் செராம்பூரில் அச்சேற்றினார்; தலைப்பேட்டிலேயே பிஞ்ஞோவின் பெயரையும் பொறித்தார். தபேரை நாட்டைவிட்டு ஓட்டியது பிஞ்ஞோ அரியணை ஏற்றிய அரசமரபு. அவர் கையில் எஞ்சியது பிஞ்ஞோ தேடிவைத்த சொற்செல்வம்.

பெக்கெட் அரசனை எதிர்த்து உயிர் துறந்தார். பிஞ்ஞோ அரசனை நம்பி உயிர் தேய்ந்தார். பின்னவரது வாழ்வில் வரலாறு போற்றுவது எதுவென வினவின், வெர்சாய் மாளிகையன்று; வீராம்பட்டினத்து மணல்வெளியில் அயலவர் சொற்களை ஒவ்வொன்றாய்க் கேட்டெழுதிய அந்தச் சில ஆண்டுகளே. சொல்லைத் தொழிலாய்க் கொண்ட கவிஞர்கள் அரிக்கமேட்டுச் செங்கற்களைக் காணும்போது இதனையும் எண்ணிப் பார்த்தல் தகும்.