எல்எம்டிபி: நிரல் இடைமுகம்

எல்எம்டிபி என்பது சி மொழியில் எழுதப்பட்ட உட்பொதி சாவி–மதிப்புத் தரவுத்தளம். 'லைட்னிங் மெமரி-மேப்டு டேட்டாபேஸ்' என்பது பெயரின் விரிவு. இதற்குத் தனியாக ஓடும் சர்வரும் இல்லை, எஸ்க்யூஎல் போன்ற வினாமொழியும் இல்லை. நூலகத்தை நிரலோடு இணைத்துக்கொண்டு, சாவியைக் கொடுத்து மதிப்பை வாங்கலாம். சாவியும் மதிப்பும் கொடுத்துச் சேமிக்கலாம். ஓப்பன்எல்டாப் திட்டத்தின் தலைமை வடிவமைப்பாளரான ஹோவர்ட் சூ இதை உருவாக்கி, 2011இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் நடந்த எல்டாப்கான் மாநாட்டில் அறிமுகம் செய்தார். ஓப்பன்பிஎஸ்டியின் எல்டாப் சர்வருக்காக மார்ட்டின் ஹெடன்ஃபாக் எழுதியிருந்த பி-மர நிரலிலிருந்து வேலை தொடங்கியது.

ஓப்பன்எல்டாப் அதுவரை பெர்க்லி டிபியை நம்பியிருந்தது. ஒரே தரவு இயங்குதளத்தின் கோப்பு கேஷில் ஒரு பிரதி, பெர்க்லி டிபியின் கேஷில் ஒரு பிரதி, அதற்கும் மேலே ஓப்பன்எல்டாப்பின் சொந்த கேஷில் ஒரு பிரதி என்று நினைவகத்தில் அடுக்கடுக்காகக் கிடந்தது. ஒவ்வொரு கேஷின் அளவையும் நிர்வாகி கையால் சரிசெய்ய வேண்டும். பிசகினால் வேகம் சரிந்துவிடும். இந்த அடுக்குகளை மொத்தமாக அகற்றுவதே சூவின் நோக்கம். தரவுக் கோப்பை அப்படியே நிரலின் முகவரிவெளியில் விரித்துவிட்டால், கேஷ் வேலையை இயங்குதளமே பார்த்துக்கொள்ளும். 2021இல் வந்த ஓப்பன்எல்டாப் 2.5 பதிப்பிலிருந்து பெர்க்லி டிபி சார்ந்த பின்தளங்கள் நீக்கப்பட்டன.

இடைமுகத்தில் நான்கு பொருள்கள் உண்டு: சூழல், பரிவர்த்தனை, தரவுத்தளக் கைப்பிடி, கர்சர். சூழல் என்பது வட்டில் உள்ள ஒரு கோப்புறை. அதில் ஒரு தரவுக் கோப்பும் ஒரு பூட்டுக் கோப்பும் இருக்கும். திறக்கும் முன்பே அதன் உச்ச அளவைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் 1,04,85,760 பைட்டுகள், அதாவது 10 மெபிபைட் மட்டுமே கிடைக்கும். புதிதாக வருபவர் முதலில் முட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த வரம்பில்தான். 64 பிட் லினக்ஸில் தாராளமாகப் பல நூறு கிகாபைட் என்று குறிப்பிடலாம். அது முகவரிவெளி ஒதுக்கீடுதான், வட்டு இடம் உடனே செலவாவதில்லை.

சாவியும் மதிப்பும் ஒரே சிறு ஸ்ட்ரக்சரில் வந்துபோகின்றன: ஒரு நீளம், ஒரு பாயிண்டர். கென் தாம்ஸன் 1979இல் ஏழாம் பதிப்பு யூனிக்ஸுக்காக எழுதிய டிபிஎம் நூலகத்திலும் இதே வடிவம்தான். இந்த வம்சத்தின் இடைமுகங்களை எடைபோட ஒரு கேள்வி போதும் என்பது இக்கட்டுரையின் கருத்து: திரும்பி வரும் பாயிண்டர் யாருடைய நினைவகத்தைக் காட்டுகிறது, அது எதுவரை செல்லும்? டிபிஎம் தன் சொந்த நிலையான இடத்தைக் காட்டியது. அடுத்த அழைப்பு அதை அழித்துவிடும். கூகுளின் லெவல்டிபி, மதிப்பை அழைத்தவரின் ஸ்டிரிங்கில் பிரதியெடுத்துத் தருகிறது. பாதுகாப்பு கிடைக்கும், பிரதியெடுக்கும் செலவும் கூடவே வரும். எல்எம்டிபி விரித்துவைத்த கோப்பின் பக்கத்தையே நேராகக் காட்டுகிறது. ஒரு பைட்கூட நகர்வதில்லை. படிக்கும் வேகத்துக்கு முக்கியக் காரணம் இது.

அந்தப் பாயிண்டரின் ஆயுள் பரிவர்த்தனையோடு முடிகிறது. எழுதும் பரிவர்த்தனையில் அடுத்த மாற்றம் நடந்தாலே முடிந்துவிடும். ஒரு நிரல் படிக்கும் பரிவர்த்தனையைத் திறந்து, மதிப்பை வாங்கி, பரிவர்த்தனையை மூடிவிட்டு, பிறகு அந்த மதிப்பை அச்சிடுகிறது என்று கொள்வோம். சோதனையில் சரியாகவே வரும். கோப்பு இன்னும் விரிந்தே இருப்பதால் நிரல் முறிவதில்லை. பக்கத்தில் பழைய பைட்டுகள் அப்படியே இருக்கும். பின்னொரு நாள் எழுதும் வேலை மும்முரமாகி அந்தப் பக்கம் வேறு தரவுக்குப் போனதும், அதே வரி வேறெதையோ அச்சிடும். பிழைச்செய்தி எதுவும் வராது. இத்தகைய பிழையைத் தேடிப் பிடிப்பது மிகக் கடினம். தேவையானதைப் பரிவர்த்தனைக்குள்ளேயே பிரதியெடுத்துக்கொள்வதுதான் வழி. பைத்தான் இணைப்பு நூலகம் இயல்பாகவே பிரதியைத் தருவதும், வேண்டுமென்று கேட்டால் மட்டும் நேரடிப் பக்கத்தைக் காட்டுவதும் நல்ல முடிவு. சியில் ஒரு காப்பு மட்டும் உண்டு: கோப்பு படிக்க மட்டுமே என்று விரிக்கப்படுவதால், தவறான பாயிண்டர் வழியே எழுதினால் நிரல் அங்கேயே முறியும், தரவு கெடாது.

பக்கங்கள் பி-பிளஸ் மரமாக அடுக்கப்பட்டுள்ளன. எந்தப் பக்கமும் இருந்த இடத்தில் திருத்தப்படுவதில்லை. புதிய பிரதி எழுதப்பட்டு, அதன் மேலுள்ள கிளைகளும் வேரும் புதிதாக எழுதப்படும். கடைசியாகத் தலைப்புப் பக்கம் புதிய வேரைக் காட்டும். தலைப்புப் பக்கங்கள் இரண்டு, மாறி மாறிப் பயன்படுகின்றன. பாதியில் மின்சாரம் போனாலும் முந்தைய தலைப்புப் பக்கம் பழுதின்றி இருக்கும். ஆகவே மீட்புப் பதிவேடும் தேவையில்லை, மீட்பு நடைமுறையும் தேவையில்லை. எழுதுபவர் ஒரு நேரத்தில் ஒருவர்தான். படிப்பவர்கள் அவருக்காகக் காத்திருப்பதில்லை, அவரும் இவர்களுக்காகக் காத்திருப்பதில்லை.

இதற்குக் கோப்பு இடம் விலையாகிறது. ஒரு வாசகர் பார்த்துக்கொண்டிருக்கும் பழைய பக்கங்களை, அவர் பரிவர்த்தனையை முடிக்கும்வரை மறுபடி பயன்படுத்த முடியாது. ஒருவர் படிக்கும் பரிவர்த்தனையைத் திறந்துவைத்தபடி மணிக்கணக்கில் இருந்தால், எழுதுபவருக்குப் புதுப் பக்கங்களே வேண்டியிருக்கும். கோப்பு வீங்கி, முன்பே சொன்ன உச்ச அளவைத் தொட்டு, இடம் தீர்ந்தது என்ற பிழையில் நிற்கும். நிரல் வலுக்கட்டாயமாகக் கொல்லப்பட்டால் பூட்டுக் கோப்பில் அதன் வாசகர் இடம் அப்படியே தங்கி, இதே விளைவைத் தரும். இறந்த வாசகர்களைச் சோதித்து நீக்கத் தனி அழைப்பு உண்டு. நெடுநாள் ஓடும் நிரலில் அதை அவ்வப்போது அழைப்பது அவசியம். வீங்கிய கோப்பு தானாகச் சுருங்காது. சுருக்கிப் பிரதியெடுக்கும் அழைப்பால் புதுக் கோப்பு செய்துகொள்ள வேண்டும்.

சாவிகள் இயல்பில் பைட் வரிசைப்படி அடுக்கப்படுகின்றன. உச்ச நீளம் 511 பைட், வெற்றுச் சாவி கூடாது. எண்களைச் சாவியாக வைப்பவர் கவனிக்க வேண்டும்: இன்டெல் கணினியில் 256இன் முதல் பைட் சுழியம், 1இன் முதல் பைட் ஒன்று, ஆகவே 256 முன்னே போய்விடும். முழு எண் சாவி என்று தரவுத்தளத்தைத் திறக்கும்போதே சொல்லிவிட்டால் இது சரியாகும். தமிழ்ச் சொற்களை யூடிஎஃப்-8இல் சாவியாக வைத்தாலும் இதே சிக்கல் வரும். ஒவ்வொரு யூனிகோட் குறிக்கும் மூன்று பைட் செலவாவதால் ஒரு சாவியில் 170 குறிகள்தான் அடங்கும். வரிசையும் அகராதி வரிசையாக இராது. யூனிகோடில் ற லவுக்கு முன்னும், ன பவுக்கு முன்னும் உள்ளன. புள்ளிக்குறி மெய்களுக்கெல்லாம் பின்னால் வருகிறது. அதனால் கர்சரை நகர்த்தினால் 'பகல்' முதலிலும் 'பக்கம்' பிறகும் கிடைக்கும். அகராதியில் 'பக்கம்'தான் முந்தியது. சொந்த ஒப்பீட்டுச் செயற்கூறு ஒன்றைத் தரலாம். ஆனால் அந்தக் கோப்பைத் தொடும் எல்லா நிரல்களும் அதே செயற்கூறைத் தர வேண்டும். ஒன்று மறந்தாலும் மரத்தின் வரிசை குலைந்துவிடும். அகரவரிசைப்படி மாற்றிக் குறியீடு செய்த பைட்டுகளையே சாவியாக வைத்து, மூலச் சொல்லை மதிப்போடு சேர்த்துவைப்பது பாதுகாப்பான வழி.

மற்ற கட்டுப்பாடுகளில் இரண்டு முக்கியம். ஒரே செயல்முறையில் ஒரு சூழலை இருமுறை திறக்கக் கூடாது: ஒன்றை மூடும்போது யூனிக்ஸ் கோப்புப் பூட்டுகள் இரண்டுக்குமாகக் கழன்றுவிடும். நெட்வொர்க் வழியே பகிரப்படும் கோப்பமைப்பில் வைக்கவும் கூடாது.

மொனேரோ நாணயத்தின் பிளாக்செயின் சேமிப்பும், நாட் ரிசால்வர் என்னும் டிஎன்எஸ் மென்பொருளின் கேஷும், மெய்லிசர்ச் தேடுபொறியும் எல்எம்டிபியைப் பயன்படுத்துகின்றன. பென் ஜான்ஸன் கோ மொழியில் எழுதிய போல்ட் இந்த வடிவமைப்பிலிருந்து பிறந்தது. அதன் கிளையான பிபோல்ட், குபர்னெட்டிஸ் தன் நிலைத்தகவலை வைக்கும் எட்சிடியின் அடித்தளம். லியோனிட் யூரியெவின் எல்ஐபிஎம்டிபிஎக்ஸ், எல்எம்டிபியின் சி நிரலிலிருந்தே பிரிந்து வளர்ந்தது. கோப்பின் அளவு தேவைக்கேற்பத் தானாகக் கூடவும் குறையவும் அது இடம் தருகிறது.